ஒலிம்பிக் தள்ளிப்போச்சு... விருந்தாளிகளை அனுப்ப மனசு வரலை! - நான்கு பேருக்காக ஒரு ஜப்பான் நகரம் செய்த காரியம்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். எட்டு, ஒன்பது மாதம் தங்கப்போகிறார் என்று சொல்லித்தான் அழைத்திருக்கிறீர்கள். பாதி நாள் கழிந்த பிறகு, அவர் எதற்காக வந்தாரோ அந்த விசேஷமே ஒரு வருஷம் தள்ளிப்போகிறது. ஊரெல்லாம் நோய். கையில் இருப்பதோ எண்ணி வைத்த பணம். விருந்தாளியின் ஊரில் இப்போதுதான் சண்டை ஓய்ந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?

2020 மார்ச் 24-ம் தேதி ஜப்பானின் மாயேபாஷி நகராட்சிக்கு இப்படியொரு சங்கடம் வந்து சேர்ந்தது. கொரோனாவால் டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிவைக்கப்படுவதாக அன்றுதான் அறிவித்தார்கள். அப்போது அந்த நகரத்தில் தென் சூடான் நாட்டிலிருந்து வந்த நான்கு தடகள வீரர்களும் ஒரு பயிற்சியாளரும் தங்கியிருந்தார்கள்.

வந்தவர்கள் யார்?

ஆபிரகாம் குவெம் 1,500 மீட்டர் ஓட்டக்காரர். லூசியா மோரிஸ் குறுந்தூர ஓட்டக்காரர், அந்தக் குழுவில் ஒரே பெண். அகூன் ஜோசப் தடை தாண்டும் ஓட்டக்காரர். மைக்கேல் மசியெக் மாற்றுத்திறனாளி ஓட்டக்காரர், பாராலிம்பிக் கனவோடு வந்தவர். கூடவே பயிற்சியாளர் ஜோசப் ஒமிரோக். 2019 நவம்பரில் இவர்கள் மாயேபாஷியில் வந்து இறங்கினார்கள்.

தென் சூடான் உலகின் மிக இளைய நாடுகளில் ஒன்று. 2011 ஜூலை 9-ல்தான் பிறந்தது. பிறந்து மூன்று வயது ஆவதற்குள், 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தது. லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அகதிகள் அணி என்று 10 பேர் களமிறங்கியது நினைவிருக்கிறதா? அதில் ஐந்து பேர் தென் சூடான்காரர்கள். அதே ரியோவில்தான் தென் சூடான் தன் சொந்தக் கொடியோடும் முதன்முறை கலந்துகொண்டது, மூன்றே மூன்று பேரோடு.

அப்படிப்பட்ட நாட்டில் ஓட்டப் பயிற்சி என்றால் எப்படி இருக்கும்? தலைநகர் ஜூபாவில் இவர்கள் ஓடிப் பழகியது மேடு பள்ளமான மண் தரையில். பயிற்சிக் கருவி, சத்தான சாப்பாடு, நிம்மதியான தூக்கம் எதுவுமே நிச்சயமில்லை. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன்னால் வந்து இறங்கினால் பயனில்லை, சில மாதங்களாவது சரியான தடத்தில் ஓடினால்தான் கொஞ்சமாவது ஈடுகொடுக்க முடியும். அதனால்தான் அத்தனை முன்கூட்டியே அழைத்தார்கள்.

நடுவில் நின்று இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது ஜைகா. சென்னை மெட்ரோவுக்குக் கடன் கொடுத்ததே, அதே ஜப்பான் அரசு நிறுவனம்தான். தென் சூடானில் வெவ்வேறு இனக்குழு இளைஞர்கள் ஒன்றாக ஓடவும் பந்து விளையாடவும் 2016 ஜனவரியில் 'தேசிய ஒற்றுமை தினம்' என்ற பெயரில் ஒரு விளையாட்டு விழாவை ஜூபாவில் தொடங்கினார்கள். அதற்கு ஜைகா துணை நின்றது. அந்த வருஷமே ஜூலையில் ஜூபாவில் மறுபடி துப்பாக்கிச் சத்தம் கேட்க, ஜைகா ஊழியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஆனாலும் விளையாட்டு விழா விட்டுப்போகவில்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் மாயேபாஷி வரை வந்தார்கள்.

ஓட்டம் தெரிந்த ஊர்!

மாயேபாஷி, டோக்கியோவிலிருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், குன்மா மாகாணத்தின் தலைநகரம். மூன்று லட்சத்துச் சொச்சம் மக்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத ஊர்தான். ஆனால், ஓட்டம் என்றால் இந்த ஊருக்கு உயிர். ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் ஜப்பானின் பெரிய நிறுவனங்களின் அணிகள் மோதும் புத்தாண்டுத் தொடர் ஓட்டம் இங்கிருந்துதான் புறப்பட்டு இங்கேயே முடிகிறது. நம் வீடுகளில் பொங்கலன்று பட்டிமன்றம் ஓடுகிற மாதிரி, அங்கே புத்தாண்டன்று டிவியில் இந்த ஓட்டம். 1999-ல் உலக உள்ளரங்கத் தடகளப் போட்டிகளையும் இதே மாயேபாஷிதான் நடத்தியது.

ஜூபாவின் வெயிலில் வளர்ந்தவர்கள் நவம்பரில் வந்து சேர்ந்தது இன்னொரு சோதனை. குன்மாவின் குளிர்காலக் காற்று ஜப்பானிலேயே பேர்போனது. மலையிலிருந்து இறங்கி, ஈரமே இல்லாமல் சுளீரென்று அடிக்கும். அந்தக் காற்றை எதிர்த்துத்தான் நால்வரும் நகராட்சி மைதானத்தில் ஓடத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் சம்பளம் வாங்காமல் வந்து நின்றார்கள். மொழிபெயர்க்கவும் தன்னார்வலர்கள் கிடைத்தார்கள். ஓட்டம் போக மீதி நேரத்தில் ஜப்பானிய மொழி வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு. ஊருக்குத் திரும்பிய பிறகு காலால் மட்டும் பிழைக்க முடியாது என்பதை யோசித்துத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து, பள்ளிக்கூடங்கள். நால்வரும் பள்ளிகளுக்குப் போனார்கள், பிள்ளைகளோடு ஓடினார்கள், தங்கள் நாட்டைப் பற்றிச் சொன்னார்கள். ஜப்பானில் ஒரு சிறிய நகரத்துப் பிள்ளைக்கு ஆப்பிரிக்கா என்பது பாடப்புத்தக வரைபடத்தில் ஒரு நிறம், அவ்வளவுதான். வரைபடத்தில் இருந்த நாடு ஒரு நாள் வகுப்பறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, தட்டுத் தடுமாறி ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னால்? அதுவும் வந்தவர்களில் ஒருவர் மாற்றுத்திறனாளியாகவும், அதே நேரம் அந்த அறையிலேயே வேகமாக ஓடுகிறவர்களில் ஒருவராகவும் இருந்தால்? எந்த ஆசிரியரும் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கிற விஷயமில்லை அது.

பணம் எங்கிருந்து வந்தது?

டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பான் அரசு 'ஹோஸ்ட் டவுன்' என்றொரு திட்டம் வைத்திருந்தது. ஒவ்வோர் ஊரும் ஒரு நாட்டைத் தத்தெடுத்துக்கொள்ளும். அந்த நாட்டு வீரர்களுக்குத் தங்க இடமும் பயிற்சிக்கு மைதானமும் கொடுக்கும். பதிலுக்கு வீரர்கள் அந்த ஊர்ப் பள்ளிகளோடும் மக்களோடும் பழகுவார்கள். 500-க்கும் மேற்பட்ட நகராட்சிகள் இதில் சேர்ந்தன. பல ஊர்களில் பள்ளி மதிய உணவில் தத்தெடுத்த நாட்டுச் சாப்பாட்டைச் சமைத்துப் போட்டார்கள். சத்துணவு வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு ஒரு நாட்டை அறிமுகப்படுத்த இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

மாயேபாஷி தேர்ந்தெடுத்த நாட்டிடம் செலவு செய்யப் பணமில்லை. சில பணக்கார நாட்டு அணிகள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். இங்கே தங்குமிடம், சாப்பாடு என எல்லாமே நகரத்தின் பொறுப்பு.

இதற்கு மாயேபாஷி கையில் எடுத்தது 'ஃபுருசாதோ நோசெய்'. தமிழில் 'சொந்த ஊர் வரி' என்று சொல்லலாம். ஜப்பானில் 2008 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ஒருவர் தான் வசிக்காத ஊருக்கும் நன்கொடை அனுப்பலாம். அதில் 2,000 யென் போக மீதியை, ஓர் உச்சவரம்புவரை, அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள். நன்கொடை பெற்ற ஊர் பதிலுக்கு உள்ளூர்ச் சரக்கு எதையாவது பார்சல் அனுப்பும். மாட்டிறைச்சி, நண்டு, அரிசி, பழம் என்று ஊருக்கு ஒன்று. 'எந்த ஊர் என்ன அனுப்புகிறது' என்று இணையத்தில் பார்த்துப் பார்த்து நன்கொடை கொடுப்பது அங்கே ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

அந்த வழியில்தான் தென் சூடான் வீரர்களுக்காக என்று தனியாகக் கேட்டது மாயேபாஷி. பணம் நாடு முழுவதிலிருந்தும் வந்தது. மாயேபாஷியைக் கண்ணால் பார்க்காதவர்களும், தென் சூடான் எங்கே இருக்கிறது என்று கூகுளில் தேடியவர்களும் அனுப்பினார்கள்.

மறுபடி அந்த மார்ச் மாதத்துக்கு வருவோம். ஜப்பானில் அந்த மாதத் தொடக்கத்திலேயே பள்ளிகளை மூடச் சொல்லி அரசு கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளோடு பழகுவதுதான் திட்டத்தின் பாதி. அந்தப் பாதி ஒரே நாளில் நின்றுபோனது. மிச்சப் பாதியான ஒலிம்பிக்கும் தள்ளிப்போனது. 'நிலைமை சரியில்லை, ஊருக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் வாருங்கள்' என்று மாயேபாஷி சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

நகராட்சி அப்படிச் சொல்லவில்லை. முதலில் ஜூலை வரை இருக்கட்டும் என்றது. பிறகு, அடுத்த ஆண்டு ஒலிம்பிக் வரை இருக்கட்டும் என்றது. நன்கொடை தொடர்ந்து வந்ததால் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

சும்மா சொல்லக் கூடாது, இந்த முடிவின் பாரத்தை வீரர்களும் சுமந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளைத் தொட்டும் தொடாத வயது. வீட்டைவிட்டு வந்து ஒரு வருஷம், அப்புறம் இன்னொரு பாதி வருஷம். நோயும் பஞ்சமும் ஊரைச் சுற்றும்போது, தான் மட்டும் பத்திரமான நாட்டில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருப்பதில் ஓர் உறுத்தல் இல்லாமலா இருந்திருக்கும்?

எங்கிருந்து பிறந்தது இந்த யோசனை?

'ஊருக்கு ஒரு நாடு' என்ற எண்ணம் டோக்கியோவுக்காகப் புதிதாக முளைத்ததில்லை. 1994-ல் ஹிரோஷிமா நகரம் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது. தலைநகரமல்லாத ஓர் ஊரில் ஆசியப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. சோவியத் யூனியன் உடைந்து பிறந்த மத்திய ஆசிய நாடுகள் அதில் முதன்முறையாகக் கலந்துகொண்டன. பெயரே கேள்விப்படாத நாடுகளிலிருந்து வரும் வீரர்களுக்குக் கைதட்ட யார் இருப்பார்கள் என்று யோசித்த ஹிரோஷிமாக்காரர்கள், பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சமூகக் கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பேட்டை மக்கள் அந்த நாட்டின் மொழி, சமையல், பாட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கற்றுக்கொண்டு, போட்டியன்று கொடியோடு போய் உட்கார்ந்தார்கள்.

அதைப் பார்த்த நாகானோ நகரம், 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. 'ஒரு பள்ளி, ஒரு நாடு' என்று பெயர். நகரத்தின் தொடக்க, நடுநிலை, சிறப்புப் பள்ளிகள் என எழுபதுக்கும் மேற்பட்டவை ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள், அந்த நாட்டின் தேசிய கீதத்தை அந்த மொழியிலேயே மனப்பாடம் செய்தார்கள். ஒலிம்பிக் கிராமத்துக்கு அணி வந்து இறங்கும் வரவேற்பில் போய்ப் பாடினார்கள். எத்தனையோ ஆயிரம் மைல் தாண்டி வந்து, பனியில் நடுங்கிக்கொண்டு நிற்கும் வீரருக்கு, பத்து வயது ஜப்பானியப் பிள்ளை தன் நாட்டுக் கீதத்தைப் பாடினால் எப்படி இருக்கும்! அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக வந்திருந்தது ஒரே ஒருவர்தான். 16 வயதே ஆன பனிச்சறுக்கு வண்டி வீரர் சிவா கேசவன்.

நாகானோ கதைகளில் மனதைப் பிசைவது சன்போன்யானகி தொடக்கப் பள்ளியின் கதை. அவர்களுக்குக் கிடைத்த நாடு போஸ்னியா. போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவும் 1984-ல் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய ஊர். பத்தே வருஷத்தில் அந்த ஒலிம்பிக் பனித்தடம் பீரங்கி நிற்கும் இடமானது. 1995-ல் போர் முடிந்தது, ஆனால் வயலிலும் காட்டிலும் புதைத்த கண்ணிவெடிகள் அப்படியே கிடந்தன. தங்கள் வயதுப் பிள்ளைகள் விளையாடப் போய்க் காலை இழக்கிறார்கள் என்று தெரிந்ததும், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணிவெடி அகற்ற நன்கொடை திரட்டக் கிளம்பிவிட்டார்கள். கொடியும் கீதமும் படிக்கச் சொன்னால், பிள்ளைகள் போரின் கணக்கில் போய் நின்றார்கள்.

1998 பிப்ரவரி 7, நாகானோ தொடக்க விழா. ஒலிம்பிக் சுடரை ஏந்தி அரங்குக்குள் ஓடி வந்தவர் பிரிட்டனின் கிறிஸ் மூன். கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர். செயற்கைக் காலோடு அவர் ஓட, அவரைச் சுற்றிலும் ஓடி வந்தவர்கள் குழந்தைகள்.

அதன் பிறகு 2002 சால்ட் லேக் சிட்டி, 2008 பெய்ஜிங், 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக் என்று பல ஊர்கள் இந்த யோசனையைத் தங்கள் பள்ளிகளுக்கு எடுத்துப்போயின. நம் மாமல்லபுரத்தில் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்திருந்தன. செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு நாட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

விடியற்காலை 3 மணி விருந்தாளிகள்!

இந்த வகைக் கதைகளில் ஜப்பானியர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வது நகாட்சுயே கிராமத்தின் கதை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்த கேமரூன் அணி, பயிற்சி முகாமுக்காகத் தேர்ந்தெடுத்த மலைக் கிராமம் அது. மொத்தமே 1,300 பேர் அளவில்தான் மக்கள்தொகை. தோரணம் கட்டி, கொடி பிடித்து, வரவேற்புக்கு நாள் குறித்துக் காத்திருந்தார்கள். குறித்த நாளில் அணி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வீரர்களுக்கான ஊக்கத்தொகையில் தகராறு என்று செய்தி வந்தது. நான்கைந்து நாள் கழித்து, ஒரு விடியற்காலை 3 மணிக்கு பஸ் வந்து நின்றது. அந்த நேரத்திலும் ஊர் தூங்காமல் காத்திருந்தது.

அந்த ஆண்டு ஜப்பானில் அதிகம் பேசப்பட்ட சொற்களுக்கான விருதில் 'நகாட்சுயே கிராமம்' இடம்பிடித்தது. 2005-ல் அந்தக் கிராமம் ஹிட்டா என்ற நகராட்சியோடு இணைக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக் திட்டத்தில் ஹிட்டா எந்த நாட்டுக்கு ஹோஸ்ட் டவுன் என்று பதிவு செய்தது தெரியுமா? கேமரூனுக்குத்தான்.

எல்லாமே இப்படி இனிப்பாக முடிந்துவிடுவதில்லை. கொரோனாவால் 100-க்கும் மேற்பட்ட நகராட்சிகள் வீரர்களை அழைக்கும் திட்டத்தையே கைவிட்டன. வருஷக்கணக்கில் கொடி வரைந்து காத்திருந்த பிள்ளைகளுக்குக் கடைசியில் வீடியோ அழைப்புதான் மிச்சம். ஒசாகா பக்கம் இசுமிசானோ நகரில் தங்கியிருந்த உகாண்டா பளுதூக்கும் வீரர் ஒருவர், தனக்குப் போட்டியிட இடமில்லை என்று தெரிந்ததும், ஊருக்குப் போனால் பிழைப்பு இல்லை, இங்கேயே வேலை பார்க்கிறேன் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுக் காணாமல் போனார். சில நாள்களில் வேறொரு மாகாணத்தில் கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். விருந்தாளி என்று அழைக்கும்போது அவருடைய வறுமையும் பின்னாலேயே வரும். வரவேற்புத் தோரணத்தில் அதற்கு யாரும் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

நிலைத்து நிற்பதும் சுலபமில்லை. ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு. தொடக்கப் பள்ளியில் ஆறு வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் மாறிவிடுவார்கள். கடிதம் எழுதிய பிள்ளையும் எழுதச் சொன்ன ஆசிரியரும் போன பிறகு, அந்தப் பள்ளிக்கும் அந்த நாட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது அலமாரியில் ஒரு கொடியும் சில புகைப்படங்களும்தான். நாகானோவிலும் பல பள்ளிகளில் இந்தத் தொடர்பு காலப்போக்கில் நின்றுபோனது, சில பள்ளிகள் மட்டும் பிடித்துவைத்துக்கொண்டன.

அந்த 3 நிமிடம் 40 வினாடி!

2021 ஜூலை 23. டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா. காலி நாற்காலிகளுக்கு நடுவே தென் சூடான் கொடியைப் பிடித்து வந்தவர்கள் ஆபிரகாமும் லூசியாவும். மாயேபாஷியில் இருந்த நால்வரில் ஒலிம்பிக் தடத்தில் ஓட இந்த இருவருக்குத்தான் வாய்ப்புக் கிடைத்தது. அதே மைதானத்தில், அதே காற்றில், அத்தனை நாள்கள் கூடவே ஓடிய மற்ற இருவருக்கும் அது கிடைக்கவில்லை.

லூசியாவின் ஒலிம்பிக் சில வினாடிகளில் முடிந்தது. குறுந்தூர ஓட்டத்தின் முதல் கட்டத்திலேயே காலில் காயம்பட்டு தடத்தில் விழுந்தார். தூக்கிக்கொண்டுதான் போனார்கள். இருபது மாதப் பயிற்சி, முடிக்க முடியாத ஓட்டம். இதற்கு ஆறுதல் சொல்ல யாரிடமும் வார்த்தை இருந்திருக்காது.

ஆகஸ்ட் 3-ம் தேதி ஆபிரகாமின் முறை. 1,500 மீட்டர், தகுதிச் சுற்று. கூட ஓடியவர்கள் உலகின் முதல்தர வீரர்கள். அரங்கில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லாததால், 100 கிலோமீட்டர் தள்ளி இருந்த மாயேபாஷிக்காரர்களும் டிவியில்தான் பார்க்க முடியும். கடைசிச் சுற்றில் முன்வரிசை நழுவிப்போனது, ஆபிரகாம் பின்வரிசையில்தான் கோட்டைத் தாண்டினார். அடுத்த சுற்றுக்குத் தேறவில்லை.

ஆனால், பலகையில் அவர் பெயருக்கு எதிரே விழுந்த நேரம் 3 நிமிடம் 40.86 வினாடி. பக்கத்தில் இரண்டே எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது, தேசிய சாதனை என்று. தென் சூடான் என்ற நாட்டில் பிறந்த யாரும் அதுவரை அந்தத் தூரத்தை அவ்வளவு வேகமாக அந்த நாட்டுக்காக ஓடியதில்லை.